அக்கா வலம் வந்த மைதானம்

எல்லாம் அறிந்த முருகனின் திருவடியை நினைத்து இதை எழுதத் தொடங்குகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதிய விடயத்துக்காக மட்டும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

எங்கள் அக்கா யாழ்ப்பாணத்து மீசாலையில் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். யுத்தம் எங்களை ஊர் ஊராகக் கலைத்தது. எங்களைப் பெற்ற ஐயாவை இராணுவம் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு மாதம் கழித்து விட்டது. வந்த ஐயா அதன் பிறகு யாரோடும் கதைக்கவில்லை. சாமி அறையிலேயே இருந்தார். பக்தியில் மூழ்கிவிட்டார் என்று கேட்டவர்களுக்குச் சொன்னோம். அப்படியே காலமாகிவிட்டார்.

கனடா வந்த சில வருடங்களில் அத்தான் மாரடைப்பில் போய்விட, அக்கா ஸ்காபரோவில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் நின்று வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் பாலும் பழமும்தான். வேலைக்கு ஒருநாளும் லீவு எடுத்ததில்லை. மகன் கண்ணன் கனடிய இராணுவத்தில் சேர்ந்தபோது சொந்தக்காரரில் பாதிப்பேர் எங்களோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அக்கா விபூதி பூசி அவனை அனுப்பிவைத்தார்.

ஆப்கானிஸ்தான் போய்த் திரும்பியவன் வேறு பிள்ளையாக வந்தான். நித்திரை இல்லை. பேஸ்மென்ட்டை விட்டு மேலே வருவதில்லை. முதலில் அக்காவும் மறைத்தார், நானும் மறைத்தேன். கல்யாண வீடுகளில் அவன் எங்கே என்று கேட்டால், எட்மன்டனில் வேலை என்று இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொன்னோம். நூல் கட்டினோம், அர்ச்சனை செய்தோம். அர்ச்சனையில் குறை இல்லை. மறைத்ததில்தான் குறை.

ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டு இறங்கிய அக்கா படியிலேயே இருந்துவிட்டாராம். பிறகு எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, ஐயா இருந்த மாதிரியே இருக்கிறான். ஐயாவை மூடி வைச்சுச் சாகக் குடுத்தம். இவனைக் குடுக்க மாட்டன்."

முன்னாள் படையினரின் மனநலச் சிகிச்சைக்கு நிதி சேர்ப்பதற்காக, அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் வருடத்தில் ஒருநாள் சூரியன் உதித்ததில் இருந்து மறையும் வரை ஓடுவார்கள், நடப்பார்கள். அந்தப் போனுக்குப் பிறகு அக்கா விடாப்பிடியாக அனுப்பி, கண்ணன் போய்வந்த சிகிச்சைக் குழுவில் இருந்தவர்கள் நடத்துவது. அறுபத்தொரு வயதில், முழங்கால் நோவோடு, அக்கா அதற்குப் பெயர் கொடுத்தார். கோயிலில் ஒவ்வொருவரிடமும் என் மகனுக்கு மனம் சுகமில்லை என்று உள்ளதைச் சொல்லியே ஆதரவு கேட்டார்.

நாங்கள் மதிக்கும் பெரியப்பாவின் மகன், அன்னதான வரிசையில் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டார்.

"ஆமியிட்ட அடி வாங்கி ஓடிவந்த சனம் நாங்கள். இப்ப நீ ஆமிக்குக் காசு சேர்க்கிறியோ?"

"ஆமிக்கில்லை அண்ணை. சுகமில்லாமல் கிடக்கிற பிள்ளையளுக்கு. அதில ஒண்டு நான் பெத்தது."

அக்கா தன் சோற்றுக் கோப்பையில் மோரை வாங்கிக்கொண்டு போய் இருந்து சாப்பிட்டார்.

ஓட்ட நாளன்று கண்ணன்தான் எங்களைக் காரில் கொண்டுவந்தான். காரை விட்டு இறங்கவில்லை. மைதானத்தில் எல்லோரும் இடப்பக்கமாகச் சுற்ற, அக்கா மட்டும் சேலையும் ஓட்டச் சப்பாத்துமாக வலப்பக்கமாக நடக்கத் தொடங்கினார். பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரப் பெண் ஓடி வந்தார். ஊரோடு ஒத்துப் போகச்சொல்லி நானும் கெஞ்சினேன்.

"இடம் சுத்துறது செத்த வீட்டில. நான் என்ர பிள்ளை உயிரோட இருக்க நேர்ந்து வந்தனான். வலம்தான் வருவன். அவவுக்குச் சொல்லு."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் கடைசி ஓரத்து ஓடுபாதையை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார்.

எதிராக நடந்தபடியால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் அக்காவுக்கு முகத்துக்கு முகம் வந்தார்கள். முதலில் விலகினார்கள். பிறகு தலையசைத்தார்கள். மத்தியானம் ஆகும்போது பெரிய பெரிய ஆம்பிளைகள் கைகூப்பிக்கொண்டு ஓடி வந்தார்கள். அக்காவும் விடாமல் கூப்பினார்.

மூன்று மணி போல முழங்கால் வீங்கிவிட்டது. இருக்கச் சொன்னேன். இருந்தால் எழும்பமாட்டேன் என்றார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கண்ணன் வந்துகொண்டிருந்தான். அக்காவின் கையைப் பிடித்து, அவனும் வலப்பக்கமாகவே நடந்தான். எதிரே வந்தவர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவர் ஓட்டத்தை நிறுத்திக் கட்டிப்பிடித்தார். சூரியன் மறையும் வரை தாயும் மகனும் நடந்தார்கள்.

அன்றோடு அவன் சுகமாகிவிட்டான் என்று எழுதினால் அது பொய். ஆனால் மேலே வந்து சாப்பிடத் தொடங்கினான். அக்கா அடுத்த இரண்டு வருடமும் நடந்தார், அதே பக்கமாக. சென்ற மாதம் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கண்ணன் கட்டிலடிக் கதிரையை விட்டு அசையவில்லை. அவன் கையில்தான் அக்காவின் உயிர் பிரிந்தது.

கண்ணனின் தங்கைக்குக் கல்யாணம் பேசுகிற நேரம், இந்தக் கதை அக்காவின் நினைவு மலரில் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். நான் பிள்ளைகளிடம் கேட்டேன்.

"எழுதுங்கோ மாமா. நான் ஒளிச்சிருக்கவோ அம்மா நடந்தவ?" என்றான் கண்ணன்.

"இதை வாசிச்சிட்டுப் போற மாப்பிள்ளை போகட்டும்" என்றாள் தங்கை.

அதனால் எழுதிவிட்டேன்.

அக்காவைப் பார்த்த வைத்தியர்கள், தாதிமார், சமைத்துக் கொண்டுவந்த அயலவர், கிரியைகளை முறையாகச் செய்த குருக்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. இறுதிக்கிரியை அன்று அந்த மைதானத்து ஆட்கள் பதினாறு பேர் கையில் பூவோடு வரிசையில் நின்றார்கள். எங்கள் ஆட்களில் சிலர் அவர்களை ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அவர்களை என்ன முறை சொல்லி இங்கே எழுதுவது என்று நீண்ட நேரம் யோசித்தேன். அக்காவின் பிள்ளைகள் என்று எழுதுகிறேன். கோபிக்கிறவர்கள் என்னைக் கோபியுங்கள்.