முதல் கியரில் பின்னால் போன கார்

போன ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலுக்குள் விழுந்தேன். தள்ளிவிட்டது என் கார். ஓட்டியது என் மகள். தப்பு? முழுக்க என்னுடையது.

காரைப் பற்றி முன்பே புலம்பியிருக்கிறேன். ஆமை முதுகு, பின்பக்கம் எஞ்சின், ரேடியேட்டரே கிடையாது... காற்றுதான் குளிரவைக்க வேண்டும். கிட்டத்தட்ட என் வயது. வாங்கி வந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது, அது ஒரு காரே அல்ல – இரண்டு! யாரோ ஒரு புண்ணியவான் ஒன்றின் எஞ்சினை இன்னொன்றின் கியர்பாக்ஸோடு மாட்டியிருக்கிறார்.

எப்படிக் கண்டுபிடித்தேன்? டைனமோவுக்குக் கீழே குத்தியிருந்த எஞ்சின் நம்பரைப் பார்த்தேன்; வண்டியைவிட அது இளையது. அதையும் நம்பாமல், எஞ்சின் முனையில் சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பற்களை எண்ணினேன். நூற்று முப்பது. கியர்பாக்ஸ் கூடோ நூற்றொன்பது பல் கொண்ட சின்னச் சக்கரத்துக்குச் செய்தது. கரகரவென்று உரசாமல் என்ன செய்யும்?

பேட்டையில் மெக்கானிக் சுடலைமுத்துவின் பட்டறையில் கூட்டை உள்ளே அரைத்து இடம் பண்ணினோம். சக்கரங்களைச் சுழற்றும் கிரவுன் வீலை மட்டும் நானே மாட்டினேன்.

"மூடுததுக்கு முன்னால கையால ஒருவாட்டி சுத்திப் பாத்துருவமா, சார்வாள்?"

"இருபது வருஷமா பிசிக்ஸ் எடுக்கேன் அண்ணாச்சி, மூடுங்க!"

மூடினார்.

ஞாயிறு காலை, தச்சநல்லூரில் எங்கள் வீட்டெதிரே வாய்க்கால் கரை. ஹேண்ட்பிரேக் கேபிள் இன்னும் மாட்டவில்லை. மகள் கோமதி – லைசென்ஸ் வாங்கி இரண்டே மாதம் – ஸ்டியரிங்கில். நான் பின்னால் குனிந்து எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வாய்க்கால்.

"ஃபர்ஸ்ட் போடுதேன்ப்பா!"

"போடு!"

கார் என்னை நோக்கி வந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து பார்த்தால், தலைக்கு மேலே பின்சக்கரம். பாதி கரையில், பாதி காற்றில். மண் உதிர்ந்து என் முகத்தில் விழுகிறது. உள்ளே என் பெண்.

"இறங்குட்டீ!"

"பிரேக்ல இருந்து காலை எடுத்தா வண்டி உருண்டுரும்ப்பா..." குரல் நடுங்கவில்லை. "ஃபர்ஸ்ட்ல பின்னால வருதே... ரிவர்ஸ் போட்டா முன்னால போகுமா?"

அப்போதுதான் பட்டறை மேஜை கண்முன் வந்தது. கூட்டைக் கவிழ்த்து வைத்துத்தான் வேலை செய்தேன். என் கைக்கு இடது, காருக்கு வலது! கிரவுன் வீல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் எல்லாமே தலைகீழ்தான். நிச்சயம். ஆனால் அதே நிச்சயத்தோடுதானே "மூடுங்க" என்றேன்?

"போகும்! போடு!"

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி, மண்ணை வாரி இறைத்து, முன்னால் ஏறியது. நான் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஈரவேட்டியோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் சுடலைமுத்துவை அழைத்தேன். சிரித்து முடிக்கவே அவருக்கு நேரமானது. "முன்னால போக ஒரு கியரு, பின்னால போக நாலு! சர்க்கஸ்காரன்ட்ட சொன்னா கொத்திட்டுப் போயிருவான், சார்வாள்."

மறுபடி பிரித்தோம், சரியாக மாட்டினோம். மூடும் முன் நானே எஞ்சின் பக்கத்துத் தண்டைக் கையால் சுற்றி, சக்கர அச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தேன். மூன்று தடவை. அரை நிமிஷ வேலை. படித்தவனுக்கு அந்த அரை நிமிஷம்தான் கௌரவக் குறைச்சல்.

இப்போது கோமதி வண்டி எடுக்கும்போது நான் பின்னால் நிற்பதில்லை. முன்னாலும் நிற்பதில்லை.

பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.