யாரைக் கேட்டு ஏற்றினாய்?

கவலைப்பட ஒன்றுமில்லாத நாள் வந்தால் செங்கல்வராயனுக்கு அதுவே பெரிய கவலையாகிவிடும். காற்று அடித்தால் தோணி கவிழ்ந்துவிடுமோ என்பார். அடிக்காவிட்டால், எதற்காக இப்படி அடங்கிக் கிடக்கிறது என்பார். பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்து, ஏரியிலேயே கழி ஊன்றிப் பிழைக்கிற மனுஷன், முழங்கால் தண்ணீரில்கூட சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் காலை வைப்பார். "இதுக்கு ஒரு புயலைக் கட்டிக்கினு இருக்கலாம். வந்தா ரெண்டு நாள்ல போயாவது தொலையும்" என்பாள் மனைவி செல்வம்மாள்.

கடலோரக் குப்பத்திலிருந்து ஆட்களையும் கூடைகளையும் ஏற்றி, எதிரே பழவேற்காட்டு ஊர்க்கரையில் இறக்குவது அவர் வேலை. விடிகாலை நடையைப் பிடித்தால் பொன்னேரி பஸ் கிடைக்கும், அங்கிருந்து மெட்ராஸ் ரயில். பிடிக்காவிட்டால் அன்றைய சரக்கு அவ்வளவுதான்.

தோணி அவருடையதல்ல, துறைக்குப் பொது. கூலி கொடுத்து ஏறுகிற யாரும் அதில் பங்காளி. குப்பத்து மீனவர், ஊர்க்கரை பாய்மார், கூடைக்காரப் பெண்கள் எல்லாரும் தை மாதத்தில் ஒருநாள் துறை மணலில் கூடுவார்கள். செங்கல்வராயன் கழியைக் கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அவர்மேல் குறை சொல்ல நினைப்பவர் வந்து கழியைத் தொட்டுச் சொல்லலாம். யாரும் தொடாவிட்டால் கழி மறுபடி அவர் கைக்கு வரும். துறையின் சட்டம் சின்னதுதான். வந்த வரிசையில் ஏற்ற வேண்டும், எல்லாக் கூடைக்கும் ஒரே கூலி, உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது, நாறினாலும் சரி.

மேரி அந்தத் தோணிக்கு வர ஆரம்பித்தது எண்பதாம் வருஷம். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்பதற்குக் குடும்பவாரியாக முறை உண்டு, அதற்குப் 'பாடு' என்று பெயர். மேரியின் ஆட்களுக்குப் பாடு கிடையாது. அவர்கள் சேற்றில் கையால் தடவிப் பிடிப்பவர்கள். அவள் சேற்று நண்டுகளைப் பிடித்து, கொடுக்குகளைக் கோரைப்புல்லால் இறுக்கிக் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி உயிரோடு மெட்ராஸ் ஓட்டல் ஒன்றுக்கு அனுப்பினாள். செத்த நண்டைத் தெருவில் கூவி விற்றுக்கொண்டிருந்த ஊரில், உயிர் நண்டுக்கு ஆள் தேடிப் பிடித்தவள் அவள்தான். செங்கல்வராயன் கேட்கவில்லை, ஏற்றினார். கூடை கரகரவென்று சத்தம் போட்டபோது மட்டும் காலை மேலே தூக்கிக்கொண்டார்.

இறால் ஏஜெண்டு தேசப்பனுக்கு அது பிடிக்கவில்லை. மெட்ராஸ் கம்பெனிக்கு இறால் அனுப்புகிற பெரிய கை அவர். காலையில் மெதுவாக எழுந்து, காப்பி குடித்து, துறைக்கு வரும்போது முன்னால் கூடைகள் வரிசைகட்டி நின்றால் அவருக்குப் பொறுக்காது. ஒருநாள் செங்கல்வராயனைத் தனியே கூப்பிட்டார்.

"யோவ் செங்கல்ராயா, கம்பெனில சொல்லி இந்தத் தோணிக்கு மோட்டார் வாங்கித் தரேன். நீயே ஓட்டு. எங்க கூடைக்கு மொதல் எடம் குடு, அவ்ளோதான். மாட்டேன்னா மோட்டார் ஓட்டத் தெரிஞ்ச ஆளைத் தேடிக்கறோம்."

அன்றிலிருந்து செங்கல்வராயனுக்குச் சோறு இறங்கவில்லை. தோள்பட்டை தேய்ந்த வயசு. கழி போய்விட்டால் என்ன செய்வது? சட்டத்தை மீறினால் துறை துரத்தும், மீறாவிட்டால் கம்பெனி துரத்தும். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார். மார்கழியில் ஒரு காலை, தேசப்பனின் ஐஸ் உருகிக்கொண்டிருக்க, காற்றும் திரும்பிக்கொண்டிருக்க, தோணியில் ஏற்கெனவே ஏறியிருந்த மேரியின் கூடைகளை இறக்கிக் கரையில் வைத்துவிட்டு இறாலை ஏற்றினார்.

"அடுத்த நடைல ஏத்திக்கறேன் மேரி."

"பஸ்ஸு போய்டும்ணே" என்றாள் மேரி. அவர் காதில் விழாத மாதிரி கழியை ஊன்றினார்.

அடுத்த நடைக்கு பஸ் போய்விட்டிருந்தது. ஊர்க்கரை வெயிலில் நண்டுகள் ஒவ்வொன்றாக அடங்கின. மேரி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டியிருந்த புல்லை மட்டும் நிதானமாக அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை. பேசாமல் போனவளை நினைத்து நினைத்து அவர் பாதி ஆளாகிவிட்டார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். தை பிறக்கிறது என்று ஊரே சந்தோஷப்பட, அவர் துறைக் கூட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். மேரி கழியைத் தொட்டால் என்ன ஆகும்?

"போய் மன்னிப்புக் கேளேன்" என்றாள் செல்வம்மாள்.

"கேட்டா தப்பு பண்ணேன்னு ஆயிடுமே."

"பண்ணலையா?"

கோழைகளுக்கே உரிய முறையில், மேரி வருகிற பக்கம் பார்க்காமலே பதினைந்து நாளை ஓட்டினார்.

கூட்டம் கூடியது. செங்கல்வராயன் கழியை நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். தேசப்பன் எழுந்தார். துறைக்குக் கம்பெனி மோட்டார் இனாமாகத் தரும் என்றார். "எங்க சரக்கு முதல்ல போவும். மத்தது இன்னின்ன ஏத்தலாம்னு கம்பெனி சொல்லும். நண்டு மாதிரி கடிக்கிறது, நாறுறது வேணாம். பழைய சரக்கு போட்டுக்கினு இருக்கறவங்களுக்கு ஒரு குறையும் வராது."

மோட்டார் என்றதும் கூட்டத்தில் பாதிப் பேர் முகம் மலர்ந்துவிட்டது. மழைக்கால எதிர்காற்றில் சிக்கித் தவித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. செங்கல்வராயன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்படியே முடிந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மேரி எழுந்து வந்தாள்.

"பாடே இல்லாதவளுக்கு இங்க இன்னா பேச்சு?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"கூலி குடுத்துத்தான ஏறுது? பேசட்டும்" என்றார் கௌஸ் மைதீன். ஊர்க்கரையிலிருந்து குப்பத்துக்கு ஐஸ் கொண்டுவந்து விற்கிறவர் அவர்.

மேரி குனிந்து கழியைத் தொட்டாள். நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னாள். பிறகு அவள் கேட்டாள்:

"போனது போவட்டும். இனிமே புதுசா ஒண்ணு செய்யணும்னா நான் யாரைக் கேக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க. கம்பெனியக் கேட்டா, நண்டைப் பார்க்காமயே வேணாம்னு சொல்லும்."

கௌஸ் மைதீன் செங்கல்வராயன் பக்கம் திரும்பினார்.

"நான் மரத்தூள்ல பொதைச்சு ஐஸ் கொண்டாந்தப்ப இந்தக் குப்பமே சிரிச்சுது. பாய் தண்ணியை மூட்டை கட்டி விக்கிறாருன்னாங்க. அந்த ஐஸ் இல்லாட்டி ஏது எறா வியாபாரம்? நம்ம கூடைக்கார லோகநாயகி கருவாட்டுப் பொடியை மூட்டை கட்டி மீஞ்சூர் கோழிப்பண்ணைக்கு அனுப்பினப்பவும் மூக்கைப் பொத்தினாங்க. நீயே சொல்லு செங்கல்ராயா. எறாவை நாம கோழிக்குக்கூடப் போடாத காலத்துல இந்த தேசப்பன் மொதக் கூடையைத் தூக்கியாந்தாரே, அன்னிக்கு யாரைக் கேட்டு ஏத்தின?"

தேசப்பன் செங்கல்வராயனையே உற்றுப் பார்த்தார். ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மோட்டாரும் வேலையும் அவருக்குத்தான். பொய் நாக்குவரை வந்தும்விட்டது. ஆனால் அவருக்கு அந்தக் காலை நன்றாக ஞாபகமிருந்தது. எல்லாரும் சிரித்ததும், வாலிப தேசப்பன் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தன்னைப் போலவே பயந்துபோய் உட்கார்ந்திருந்ததும்.

"யாரையும் கேக்கல" என்றார் செங்கல்வராயன். "கேட்டிருந்தா ஏத்தியிருக்க மாட்டேன். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். சட்டம் இருந்துச்சு, ஏத்தினேன்."

தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மோட்டார் வேண்டாம், சட்டம் இருக்கிறபடி இருக்கட்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. அடுத்ததாக, அந்தச் சட்டத்தை மீறியவர் கையில் கழி இருக்கலாமா என்ற கேள்வி வந்தது. யாருக்கும் அவர்மேல் கோபமில்லை. அதுதான் கொடுமை. எல்லாரும் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே கழியை எடுத்துக் குப்பத்து வாலிபன் அங்கமுத்துவிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் விடிகாலையில் பழக்க தோஷத்தில் கால் துறைக்குப் போய்விட்டது. போன பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அங்கமுத்து கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். வரிசையில் மேரி நின்றாள். திரும்பி ஓடிவிடலாமா என்று அவர் நினைக்கும்போதே அவள் கூப்பிட்டாள்.

"மெட்ராஸ் வரைக்கும் என் கூடையோட போவ ஆள் வேணும்ணே. பசங்களை அனுப்பினா ரயில்ல தூங்கிடறாங்க. சாக்கு காஞ்சு பாதி செத்துடுது."

"என்னையா?" என்றார். "நான்தான மேரி உன் நண்டைக் கொன்னவன்?"

"ஆமாம்" என்றாள் மேரி. மழுப்பவில்லை. "கோவம் இருக்குது. ஆனா இந்த ஏரில உங்களை மாதிரி பயப்படற ஆளு யாரு இருக்காங்க? ரயில்ல தூங்குவீங்களா நீங்க?"

அவர் தூங்கமாட்டார்தான்.

தோணி கிளம்பியது. வாழ்க்கையில் முதல் முறையாக அதில் உட்கார்ந்துகொண்டு போனார் செங்கல்வராயன். தண்ணீரைப் பார்க்கவில்லை, காற்றைப் பார்க்கவில்லை. துறையைவிட்டு நகர்ந்ததுமே சாக்கைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். ஒரு நண்டு அசையாமல் கிடந்தது. நெஞ்சு பதறி அதை விரலால் தொட, கட்டு தளர்ந்திருந்த கொடுக்கு விரலைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இருக்குது மேரி!" என்று கரையில் நின்றவளைப் பார்த்துக் கத்தினார். "உசுரோட இருக்குது!"