கோபுரத்துக்குள் தண்ணீர்ச் சத்தம்

எங்கள் தொழிலாளர் கேம்பில் யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிடுகிற ஆள் நான். மூன்றாவதுதான் படித்தேன், ஆனாலும் அதையெல்லாம் நம்பியதில்லை. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அபுதாபியிலிருந்து படகில் போகிற ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு பழைய கல் கோபுரம். ஒரு காலத்தில் உச்சியில் காற்றாடி சுற்ற, உள்ளே இருந்த கிணற்றிலிருந்து பேரீச்சந் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏறுமாம். கிணறு உப்பாகி, தோட்டம் காய்ந்து, ஜனங்களும் போய்விட்டார்கள். காற்றாடியைக் கழற்றி எத்தனையோ காலம். அதைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறையாக மாற்றுகிற வேலை எங்களுக்கு. கிணற்றின் வாயைக் கான்கிரீட் போட்டு மூடியதே நானும் சாமிநாதனும்தான். இருவரும் கொத்தனார், ஒரே ரூம்.

அன்று காலை படகு ஏறும்போது சாமிநாதன் மனைவியின் தம்பி ஊரிலிருந்து எனக்குப் போன் செய்தான். "அக்கா போயிடுச்சுண்ணே. அத்தான்கிட்ட இப்பவே சொல்லிடாதீங்க. சாப்பிட வச்சுட்டுச் சொல்லுங்க." இங்கே சாவுச் செய்தி இப்படித்தான், கூட இருப்பவனுக்கு வரும். சாயங்காலப் படகில் அவனை ஊருக்கு அனுப்ப சூப்பர்வைசர் ஏற்பாடு செய்துவிட்டார். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும், எனக்கோ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது.

"என்னண்ணே, வாயிலயும் சிமெண்ட் பூசிட்டியளா?" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். மதிய ஓய்வில் மற்றவர்கள் ஷெட்டில் படுக்க, அவன் குளிர்ச்சியாக இருக்குமென்று கோபுரத்துக்குள் போனான். இப்போதே சொல்லிவிடலாம் என்று பின்னால் போனவன் வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே கிறீச் கிறீச்சென்று ஏதோ சுற்றுகிறது, தண்ணீர் கொட்டுகிறது. மேலே பார்த்தால் வெறும் வானம்.

அவன் வெளியே வந்தான். தலையெல்லாம் ஈரம், கையில் பாட்டில்.

"எப்பண்ணே போனா?"

"விடியக்காலம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மணலில் உட்கார்ந்து பாட்டிலை நீட்டினான். குடித்தேன். சில்லென்று இருந்தது, துளி உப்பில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், மூடிய கான்கிரீட் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்தபோது முழங்காலில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தான்.

"உங்களுக்கும் குடுக்கச் சொன்னாண்ணே. அந்த அண்ணன் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, பாவம்னா."

அவன் ஊரோடு இருந்துவிட்டான். கோபுரத்தில் இப்போது ஆட்கள் வந்து தங்குகிறார்களாம்.

நான் அன்று சோறு இறங்காமல் டப்பாவைப் பாறைக்குப் பின்னால் போய்க் கடலில் கொட்டினேன். யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணோடு போனில்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை நான். தான் செத்துக் கிடக்கிற அன்றைக்கு, என் பசியை அவள் எதற்கு நினைத்தாள்?