குளித்த தண்ணீரில் வளர்ந்த அவரை

என் மனைவி பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பெண். வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைத் தோப்புக்கும் நடுவே, காவிரி வாய்க்கால் ஓடுகிற ஊரில் வளர்ந்தவள். எங்களுடையது மேட்டுக்காடு. கம்பும் சோளமும் கொள்ளும்தான் விளையும். ஊரை விட்டுத் தள்ளி, தோட்டத்துக்குள்ளேயே வீடு. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். கல்யாணமாகி வந்த மறுநாள் அவள் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் எங்கோ அடியில் கிடந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

காய் இல்லாமல் சோறு இறங்காது அவளுக்கு. பொடக்காலியில், அதாவது வீட்டுக்குப் பின்புறம், நாங்கள் குளிக்கிற கல்லிலிருந்து தண்ணீர் வடிந்து எப்போதும் சேறாகக் கிடக்கும். அந்த இடத்தைக் கொத்திப் பாத்தி கட்டினாள். அவரையும் கத்தரியும் போட்டாள். நான்கு குச்சி நட்டுப் பந்தல் போட்டுக் கொடுத்தது மட்டும் நான். முதல் வருசம் அவரைக் கொழுந்தெல்லாம் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. விடியற்காலையில் இலை பனியில் நனைந்திருக்கும்போதே எழுந்து போய் அடுப்புச் சாம்பலைத் தூவுவாள். அப்படியும் பாதிக்கொடி போய்விட்டது. மீதியில் காய்த்ததை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் கொட்டினாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

மறு வருசம் காட்டுக்கு எருவாகட்டும் என்று மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவரை, ராத்திரியில் ஆடுகளைக் காட்டிலேயே அடைத்துக் கிடை போடச் சொல்லியிருந்தேன். அன்று காலை பொடக்காலி வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போன நான், வேலிப்படலைத் திரும்பச் சாத்தவில்லை. மத்தியானம் தண்ணீர் குடிக்க வந்த ஆடுகள் உள்ளே புகுந்துவிட்டன. கொடி அப்போது பந்தல் ஏறவில்லை. உள்ளே மாவு திரித்துக்கொண்டிருந்த அவள் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது குச்சிகள்தான் நின்றன. ஆட்டுக்காரர் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அந்த மனிதரை ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஒரு சட்டி கம்மங்கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். படலைச் சாத்தாமல் போனது நான்தான் என்று சாயங்காலம் நானே ஒப்புக்கொண்டேன்.

"வண்டித்தடம் பார்த்தேனுங்க," என்றாள். அவ்வளவுதான்.

அதற்கடுத்த இரண்டு வருசமும் மழை பொய்த்தது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கடையில் மண்ணெண்ணெய் கிடைக்காது, தானியமும் சுலபத்தில் கிடைக்காது. வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினோம். அடிப்பாறையில் கொஞ்சம் ஊறியது, அதுவும் உப்பு. அந்தத் தண்ணீர் பட்ட கத்தரி இலைகள் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டன. பாத்தியில் வெள்ளையாகப் பூத்த உப்பை அவள் கையால் சுரண்டிச் சுரண்டி வெளியே எறிந்தாள். பிறகு அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். அரிசி பொங்குகிற நாளே குறைந்தபோது அதுவும் நின்றது. நாங்கள் குளிப்பதும் வாரத்துக்கு ஒரு நாள் என்றாகிவிட்டது.

கடைசியில் அரை மைல் தள்ளி ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிற தோட்டத்தில் கேட்டுக்கொண்டு, நாளுக்கு நான்கு நடை போய் வந்தாள். மூன்று நடை வீட்டுக்கு, ஒன்று செடிக்கு. அப்படித்தான் ஒரே ஒரு அவரைக் கொடி பிழைத்தது. தை பிறந்தபோது பூ எடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் உழவு எருதுகள் இரண்டும் உப்புத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தன. விலா எலும்பை எண்ணிவிடலாம். இனிச் செடிக்குத் தண்ணீர் கிடையாது, அந்தக் குடமும் எருது கட்டுகிற கட்டுத்தரைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, அரைக்கொடமாச்சும் உடுங்க. பூ எடுத்திருக்குதுங்க."

"அவரை திங்காட்டி யாரும் சாகமாட்டாங்க. எருது போச்சுன்னா நாம எதை வச்சு உழுகறது?"

அவள் இடுப்பில் இருந்த குடத்தைக் கட்டுத்தரைத் தொட்டியில் கவிழ்த்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. பூவெல்லாம் உதிர்ந்து பாத்தியில் கிடந்தது. ஐந்தாறு நாள் கழித்து நான் காட்டிலிருந்து திரும்பியபோது, அவள் கொடியை அடியோடு அறுத்துக் கட்டுத்தரைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். இலை பாதி பச்சை, பாதி சருகு. எருதுகளின் முன்னால் போட்டுவிட்டு, "இதையும் அதுகளே திங்கட்டுங்க," என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

சித்திரையில் ஓர் எருது படுத்தது, எழுந்திருக்கவில்லை. வைக்கோல் எங்கேயும் கிடைக்காததால் மற்றதைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு, வெறும் கயிற்றோடு திரும்பினேன்.

அடுத்த ஆடியில் மழை வந்தது. உழுவதற்கு இரவல் மாடு தேடி அலைந்தேன். ஆனால் அதற்கு முன்னால் பொடக்காலிப் பாத்தியைக் கொத்தினேன். பக்கத்துத் தோட்டத்தில் அவரை விதை கேட்டு வாங்கி ஊன்றினேன். சாம்பல் தூவியதும் நான்தான். கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அவள் தினமும் துணி துவைக்க அதைத் தாண்டித்தான் போவாள். காய் முற்றி, நார் ஏறி, சிலது வெடிக்கவும் தொடங்கியது.

"காய் முத்திப்போகுது புள்ள. பறிக்கலையா?"

"வேணுமின்னா நீங்க பறிச்சுக்குங்க," என்றாள். துணி மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "எனக்குக் கை போகமாட்டேங்குதுங்க," என்றாள்.

நானே பறித்தேன். அம்மா பொரியல் செய்தாள். அவளும் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருசம் அந்த வீட்டில் இருந்தோம். சந்தையிலிருந்து நான் வாங்கி வருகிற காயை ஒழுங்காகச் சமைத்துப் போடுவாள். மண்ணில் ஒரு விதையைக்கூட அவள் ஊன்றி நான் பார்க்கவில்லை.

ஒரு குடம் தண்ணீரால் அந்த எருது பிழைத்திருக்காது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தேன் என்று பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனது கேட்கவில்லை.