பாதிக்குத் தீர்த்த கடன்

திண்டுக்கல்லில் கடனுக்குப் பயந்து ஊரை விட்டுப் போகிறவர்கள் திருப்பூருக்குப் போவார்கள், இல்லாவிட்டால் கேரளாவுக்குப் போவார்கள். பிராங்கிளின் பழனிக்குப் போனார். பஸ் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர் அது. “நம்ம மாதா கோயில் ஆளுங்க யாரும் அங்க வரமாட்டாங்கல்ல” என்று மனைவி ரோசலினிடம் காரணம் சொன்னார். மாதா கோயில் ஆட்கள் வரமாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வருசம் தவறாமல் முருகனுக்கு மொட்டை போடுகிறவர்கள் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. தொழிலிலும் அவர் அப்படித்தான். நல்ல மனிதர், ஆனால் யோசிக்க வேண்டியதை யோசிக்கமாட்டார்.

பந்தல் போடுவதும், பாத்திரம், சேர் வாடகைக்கு விடுவதும் அவர் தொழில். கொரோனா வருவதற்குச் சரியாக மூன்று மாதம் முன்னால் கடன் வாங்கிப் புதுத் துணி, புது ஜெனரேட்டர், வெல்வெட் போட்ட சேர் எல்லாம் இறக்கினார். அப்புறம் ஊரில் கல்யாணமே இல்லை. சேர்கள் அடுக்கியபடி கிடக்க, வட்டி மட்டும் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. சாமான்களை வந்த விலைக்குத் தள்ளினார், போதவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பைனான்ஸ் முத்துக்கிருஷ்ணனின் ஆட்கள் வந்து, மிச்சமிருந்த வெல்வெட் சேர்களைத் தாங்களே எடுத்து வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். தெருவே பார்த்தது. மறுநாள் விடியும்போது பிராங்கிளின் வீட்டில் இல்லை.

ரோசலின் ஒரு தனியார் பள்ளியில் தையல் டீச்சர். வாங்குகிற சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்தது. பிராங்கிளின் செல்போனைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டார். வேலை பார்த்த லாட்ஜ் போனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவார். “கடன் தீராம ஊருக்குள்ள கால் வைக்கமாட்டேன் ரோசி” என்பார். வேறென்ன பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். மூன்று வருசம் இப்படியே போயிற்று. பெற்ற பிள்ளையும் இல்லாத வீட்டில், தினமும் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கடன் தீர்ந்தால் அவர் வீட்டுக்கு வருவார். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

போன வருசம் ஐப்பசியில் குஜிலியம்பாறைப் பக்கம் இருந்த அவள் அப்பாவின் மானாவாரிக் காட்டை அண்ணன்மார் விற்றார்கள். அவள் பங்குக்கு ஒன்பது லட்சம் வந்தது. கடனோ வட்டியோடு இருபதைத் தாண்டி நின்றது. ஆகவே, பேசிக் குறைப்பதைத் தவிர வழியில்லை. “மொத்தமா கைல வச்சுக்கிட்டுப் பேசுங்க டீச்சர். மாசாமாசம் தாரேன்னா ஒருத்தரும் எறங்கமாட்டாங்க. கட்டுக் கட்டா கண்ணுல பாத்தா எறங்குவாங்க. நோட்டை வாங்காம மட்டும் பணத்த விட்றாதீங்க” என்று பள்ளிக்கூட ஆபீஸில் இருந்த மணிமேகலை சொல்லிக்கொடுத்தாள். நோட்டு என்றால் கடன் வாங்கும்போது ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிற புரோநோட்டு.

முதலில் முத்துக்கிருஷ்ணனிடம்தான் போனாள். வயர்கூடையில் பணம், மேலே தைக்க வந்த ஜாக்கெட் துணி. அவர் கூடையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

“ஆறு லட்சம் அசல். வட்டியோட எங்க நிக்கிதுன்னு உங்களுக்கே தெரியும். பிராங்கிளின் எங்கம்மா?”

பதில் சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. அவமானத்தில் வந்த அழுகை. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

“ஒடம்புக்கு ரொம்ப முடியலைன்னு யாரோ சொன்னாங்க. நெசந்தானா? எந்த ஆஸ்பத்திரி?”

யார் அப்படிச் சொன்னார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். காணாமல் போன ஆளைப் பற்றி ஊர் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கும். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ரோசலின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, “மதுரைல” என்றாள்.

முத்துக்கிருஷ்ணன் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். அவருக்கு இரக்கம் வந்ததா, ஆள் போய்விட்டால் நோட்டு வெறும் காகிதம் என்ற கணக்கு வந்ததா என்று சொல்வதற்கில்லை. இரண்டும் வந்திருக்கும். “மூணு வைங்க. போதும். அந்த ஆளு ஒரு காலத்துல ஒழுங்கா கட்டுன ஆளு” என்றார். அவள் கண்முன்னாலேயே நோட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று ரோசலின் கிழிந்த துண்டுகளைப் பார்த்தாள். பாதிக்கும் கீழே முடிந்துவிட்டது! சந்தோசம் வந்தது என்பதை மறைப்பானேன்? அதன் பின்னாலேயே பயமும் வந்தது.

அடுத்தது பேகம்பூரில் அக்மல் பாய். பந்தல் துணியும் ஜமுக்காளமும் கடனுக்குக் கொடுத்தவர். இந்த முறை யாரும் கேட்கவில்லை, அவளே சொன்னாள். “கிட்னி ரெண்டும் போச்சு பாய். டாக்டரு நாள் குறிக்காத கொறதான்.” முதல் பொய்தான் கஷ்டம் போலிருக்கிறது. அக்மல் கணக்கைப் புரட்டவே இல்லை. இருப்பதைக் கொடுங்கள் என்று நூற்றுக்கு நாற்பது பங்கு வாங்கிக்கொண்டு அறுபது பங்கை விட்டுவிட்டார். அவர் மனைவி ஷப்னம் உள்ளே இருந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அஞ்சு வேளையும் துஆ கேக்குறேங்க்கா, அல்லா கைவிடமாட்டான்” என்றாள். ரோசலின் அந்தக் கையை விட்டு ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ஓடவில்லை. மார்கழி பிறப்பதற்குள் சவுக்குக் கம்புக் கடைக்காரர், லைட் செட்டுக்காரர், ஜெனரேட்டர் விற்றவர் என்று ஒவ்வொருவராகத் தீர்த்தாள். எல்லாரிடமும் அதே மதுரை, அதே கிட்னி.

ஞாயிற்றுக்கிழமை போனில் பிராங்கிளின் கேட்டார்: “எப்புடி ரோசி இம்புட்டுக் கொறைச்ச? என்னான்னு சொன்ன?”

“அழுதேன். வேறென்ன சொல்ல?”

அவர் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

கடைசியில் நின்றது பழனியம்மாள் கணக்கு. கல்யாண வீடுகளில் பிராங்கிளினுக்குப் பாத்திரம் கழுவியவள். கூலியைக் கையில் வாங்கினால் குடிகாரப் புருசன் பிடுங்கிவிடுவான் என்று அவரிடமே போட்டுவைத்து நாற்பதாயிரம் சேர்த்திருந்தாள். நோட்டு கிடையாது, சாட்சி கிடையாது, வட்டி கிடையாது. உண்மையில் முதலில் கொடுத்திருக்க வேண்டியது அவளுக்குத்தான், அதுவும் முழுசாக. ஆனால் சத்தம் போடுகிறவனுக்கு முதலில், வாய் செத்தவளுக்குக் கடைசியில் என்பதுதான் இந்த உலகத்து வழக்கம், ரோசலினும் அதை மீறவில்லை. அவள் முறை வரும்போது கூடையில் இருபதாயிரம்தான் மிச்சம்.

பழனியம்மாளிடமும் அதையே சொன்னாள். பழனியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “அண்ணனுக்கா? ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நெனைக்காத மனுசனுக்கா?” பணத்தை எண்ணக்கூட இல்லை. அதிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாயை உருவி ரோசலின் கையில் திணித்தாள். “மருந்துக்கு வச்சுக்கங்க டீச்சரம்மா. பூசத்துக்கு நடந்து போறோம்ல, அண்ணனுக்காக முருகன்ட்ட வேண்டிக்கிறேன்.”

அந்த ஐந்நூறை வாங்கினாள் பாருங்கள், அதை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. வாங்காமல் எப்படி இருப்பாள்? வேண்டாம் என்றால் ஏன் என்று பழனியம்மாள் கேட்பாள். அவள் பழனிக்கு நடந்து போகிறேன் என்றபோது ரோசலினுக்குத் திக்கென்றது. ஆனால் பூசத்துக்கு லட்சம் பேர் வருகிற ஊரில் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

அன்று போனில், “எல்லாம் தீந்துருச்சுங்க. வாங்க” என்றாள். “பூசம் முடியட்டும் ரோசி. கூட்ட நேரத்துல ஓனர் விடமாட்டாரு. மறுநா விடியக்கால பஸ்ஸுக்கு வாரேன்” என்றார். ரோசலின் அவர் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டாள். கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கினாள். ஊரார் கேட்டால் மதுரை டாக்டர் பிழைக்க வைத்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம், அவரிடம் மெதுவாக ஒரு நாள் சொல்லிப் புரியவைக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

பூசத்துக்கு மறுநாள் அவர் வரவில்லை. கூட்டம் ஓயவில்லைபோல என்று இருந்தாள். அதற்கும் மறுநாள் வந்தது பழனியம்மாள். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் பஞ்சாமிர்த டப்பா, முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சரம்மா! எங்கிட்டச் சொல்லாம விட்டுட்டீங்களே! அண்ணன் எந்திரிச்சு நடமாடுதே! லாட்ஜு வாசல்ல ரெண்டு பெட்டியத் தூக்கிட்டு நிக்கிது. எனக்குக் கண்ண நம்ப முடியல. மொட்டையில அதுக்கு என்னைய அடையாளமே தெரியல. ‘அண்ணே, நாந்தே பழனியம்மா’ன்னேன்.”

ரோசலின் கதவைப் பிடித்துக்கொண்டாள். “என்ன சொன்னாரு?”

“எதுக்குத்தா மொட்டைன்னு கேட்டுச்சு. ஒனக்குத்தான்னேன். கிட்னி போச்சுன்னு டீச்சரம்மா அழுதாங்க, ஊரே ஒனக்காகக் காச விட்டுக்குடுத்துச்சு, நானும் முடி தாரேன்னு நேந்துக்கிட்டேன், முருகன் கண்ணத் தொறந்துட்டான்னேன். அப்புடியே படியில உக்காந்துருச்சு. பெறகு எம்புட்டு வாங்குனன்னு கேட்டுச்சு. பாதின்னேன். உள்ள போயி பணத்தக் கொண்டாந்து மடியில போட்டுருச்சு. வேணாம்னு எம்புட்டோ சொன்னேன். மீதி மீதின்னே சொல்லுது. எதுக்கு டீச்சரம்மா அழுதுச்சு அண்ணன்? பொழைச்ச ஆளு சிரிக்கத்தானே செய்யணும்?”

பழனியம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை. கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட ரோசலினுக்குத் தாங்கியிருக்கும். ரோசலின் அவள் மொட்டைத் தலையைத் தடவினாள், பஞ்சாமிர்தத்தை வாங்கிக்கொண்டாள். அடுத்த பஸ்ஸுக்குப் பழனிக்குக் கிளம்பினாள்.

லாட்ஜ் மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். “ஏனுங்க, உங்ககிட்டச் சொல்லலீங்களா? பூசத்தன்னைக்கே போயிட்டாருங்க. மூணு வருசமா சேத்துவச்ச சம்பளத்த வாங்கி ஒரு மொட்டை போட்ட அம்மாகிட்டக் குடுத்துட்டு, துணிப்பையோட எறங்குனாருங்க. ஊருக்குத்தான் போறாருன்னு நாங்க நெனச்சோமுங்க.”

“எந்தப் பக்கம் போனாருங்க?”

“கூட்டத்துல யாருங்க பாத்தா?”

மாதக்கணக்கில் தேடினாள். போலீசிலும் எழுதிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பாள், வேறு யாராவது பேசுவார்கள். ஆனியில் ஒரு நாள் முத்துக்கிருஷ்ணன் பள்ளிக்கூட வாசலில் பைக்கை நிறுத்தினார்.

“உங்க வீட்டுக்காரரு அஞ்சாயிரம் அனுப்பியிருக்காரும்மா. கரூர்ல ஒரு டீக்கடைக்காரர் நம்பர்ல இருந்து வந்துச்சு, திண்டுக்கல் பந்தல்காரரு பாக்கின்னு சொல்லச் சொன்னாராம். தள்ளுபடி பண்ணுன காசத் திருப்பி அனுப்புன ஆள என் தொழில்ல இப்பத்தான் பாக்குறேன். ஒடம்பு தேறிட்டாரா?”

“தேறிட்டாரு” என்றாள் ரோசலின்.

கரூருக்குப் போனாள். ஒரு ஆள் ரொக்கத்தைக் கொடுத்து அனுப்பச் சொன்னார், பெயர் தெரியாது, லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் மாதிரி இருந்தார், எப்போதாவது வருவார் என்றார் டீக்கடைக்காரர். மூன்று நாள் அந்தக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். அப்புறம் அக்மலுக்கு இரண்டாயிரம் வந்தது. சவுக்குக் கம்புக் கடைக்காரருக்கு ஆயிரம். ஒவ்வொருவராகத் தீர்க்கிறார். அப்பாவின் காட்டை விற்று அவள் குறைத்த அத்தனையையும், மூட்டை தூக்கி, ஒரு ரூபாய் விடாமல் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறார். எத்தனை வருசம் ஆகுமோ, அந்த உடம்பு அதுவரை தாங்குமோ, அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் ஒரு ரூபாயும் வரவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஒரு காலத்தில் இவர்கள் தன் வாசலில் வந்து நின்றுவிடுவார்களோ என்று ஜன்னலைச் சாத்திவைத்தவள், இப்போது மாதம் பிறந்தால் அவர்கள் வாசலுக்குப் போய் நிற்கிறாள். பணம் வந்திருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

போன வாரம் அக்மல் பாய் கடையில் இருந்தாள். கல்லாவில் அக்மல் இருந்தார், ஷப்னம் டீ கொண்டுவந்து வைத்தாள். “இந்த மாசம் இன்னும் வரலக்கா. ஒரு தடவ அந்த டீக்கடைக்குப் போன் போட்டுச் சொல்லச் சொல்லியிருக்கேன் இவங்கள. நாங்க மனசாரத்தான் விட்டோம், எங்களுக்கு இனி வேணாம், வீட்டுக்கு வரச் சொல்லுங்கன்னு.”

“வேணாம் பாய்” என்றாள் ரோசலின் அவசரமாக. “அப்புடிச் சொல்லிட்டா அனுப்புறதையும் நிப்பாட்டிருவாரு.” டீயைத் தொடவில்லை. எழுந்து, கடை வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்தாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லச் சொல்லுங்க பாய். யாராருக்குத் தரணும்னு வச்சிருக்காருல்ல, அதுல என்னையும் கடைசியாச் சேத்துக்கச் சொல்லுங்க. ரோசலினுக்கும் தரவேண்டியது நிக்கிதுன்னு சொல்லுங்க.”