விஸ்மா அண்ணியும் வலைக்காரன் முடிச்சும்

விஸ்மா அண்ணி மரம் ஏறுவதை முதல் தடவை பார்க்கிறவர்கள் மரத்தடியை விட்டு விலகி நிற்பார்கள். ஐம்பத்தேழு வயது. கனத்த உடம்பு. பூட்சில் இரும்பு முள், இடுப்பைச் சுற்றிக் கயிறு, உதட்டில் பற்ற வைக்காத சிகரெட். பத்தே நிமிஷத்தில் பைன் மரத்தின் உச்சியில் நிற்பாள். வனத்துறைக்கு விதைக்காகப் பைன் காய் பறிப்பது அவள் தொழில். கீழே கயிறு பிடிப்பது நான். அவள் புருஷனின் தம்பி. அண்ணன் அயர்லாந்துக்குக் காளான் பறிக்கப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அவன் எங்கே, எப்படி என்று அண்ணி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இருபது வருஷத்துக்கு முன் ஒரு ஜூலையில், காய் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்து வர அவளை அனுப்பினார்கள். சதுப்பு ஓரத்துப் பெரிய பைனில் ஏறி, உச்சியிலிருந்த பெரிய கூட்டுக்கு மேல் தலையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி?" என்று கத்தினேன்.

"மூணு குஞ்சுடா. மூணும் செத்துக் கெடக்கு."

மேலே தாய்ப்பறவை கத்திக்கொண்டே சுற்றியது. அண்ணி கூட்டுக்குள் குனிந்தாள். பிறகு அலறினாள். "கண்ணைத் தெறக்குதுடா! நடிக்குதுங்க, திருட்டுப் பயலுங்க!"

விராலடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகின் குஞ்சுகள் அப்படித்தான். தாய் எச்சரித்தால் கூட்டோடு ஒட்டிப் படுத்துப் பிணமாகிவிடும். அன்றிலிருந்து அண்ணிக்கு வருஷம் என்பது அந்தப் பறவையின் வருஷம். ஏப்ரலில் ஏரிப் பனி உடையும்போது ஆண் வரும். அது வரும்வரை யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். ஜூன் தொடக்கத்தில் குஞ்சு பொரிக்கும். ஜூலையில் தலைநகர் ரீகாவிலிருந்து பறவை ஆராய்ச்சிக்காரர் உகிஸ் வருவார். அண்ணி குஞ்சுகளைப் பையில் போட்டுக் கயிற்றில் இறக்குவாள், அவர் அதுகளின் காலில் நம்பர் போட்ட மோதிரம் மாட்டுவார், குஞ்சுகள் மறுபடி மேலே போகும். உகிசுக்கு ஏணியில் மூன்றாம் படியிலேயே தலை சுற்றும்.

"நீங்க பறவை படிச்சவரா, புழு படிச்சவரா?" என்று அண்ணி அவரை வருஷா வருஷம் கேட்பாள்.

"படிச்சது பறவைதான் அக்கா. பொறந்தது தரைத்தளத்து வீட்டுல" என்பார் அவர். நாற்பது வயதுக்காரர், நல்ல மனுஷன்.

போன வருஷம் முதல் தடவையாக உகிஸ் ஒரு கருவி கொண்டுவந்தார். தீப்பெட்டி அளவுதான். முதுகில் சூரியத் தகடு. பறவை எங்கே பறந்தாலும் அது இருக்கும் இடம் போனில் புள்ளியாக வரும். பள்ளிக்கூடப் பை மாட்டுவதுபோல நாடாவால் முதுகில் மாட்டி, நெஞ்சுக்கு நேரே நாடாக்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும். மூன்று குஞ்சில் பெரியது பெண். அதற்குத்தான் கருவி. அண்ணி அதைப் 'பெரியவள்' என்றாள்.

உகிஸ் குஞ்சின் தலைக்குக் குல்லா போட்டு மடியில் பிடித்துக்கொண்டார். தைக்க அண்ணி கீழே இறங்கி வந்து உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கண் தெரியாது. கண்ணாடி வாங்கச் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

"கண்ணாடி போட்டவளை எவன் மரத்துல ஏத்துவான்? நீ கோத்துக் குடு."

கோத்தேன். உகிஸ் பெட்டியில் கொண்டுவந்த அந்த நூலை இழுத்துப் பார்த்தேன். என் கையிலேயே பட்டென்று அறுந்தது. நான் கெண்டை வளர்க்கிற குளத்தில் இருபத்தேழு வருஷமாக வலை பின்னுகிறவன். அறுகிற நூலை அடுத்தவர் கையில் கொடுத்துப் பழக்கமில்லை. ரீகாக்காரர்களுக்கு நூல் வாங்கக்கூடத் தெரியவில்லை என்று மனசுக்குள் திட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்த நைலான் நூலைக் கோத்தேன். அதுவும் வெள்ளைதான். தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்துகிறது, தூறல் விழுகிறது, சீக்கிரம் சீக்கிரம் என்கிறார் உகிஸ். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அண்ணி தைத்தாள், முடிச்சு நான் போட்டேன். வலைக்காரன் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

ஜூலைக் கடைசியில் குஞ்சுகள் பறந்தன. ஆகஸ்ட் நடுவில் தாய் குளிர்காலத்துக்காக வெப்ப நாட்டுக்குக் கிளம்பிவிட்டது. அப்பன் மட்டும் மீன் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பர் மூன்றாம் தேதி பெரியவள் தெற்கே திரும்பினாள். அண்ணி போனைக் கையிலேயே வைத்திருந்தாள். லித்துவேனியா, பெலாரஸ், உக்ரைன். சாப்பிடும்போதும் புள்ளி, ஆட்டுக்குத் தண்ணி வைக்கும்போதும் புள்ளி.

செப்டம்பர் நடுவில் அண்ணி வீட்டில் உருளைக்கிழங்கு தோண்டினோம். எங்கள் பக்கம் ஒருவர் நிலத்தில் எல்லாரும் போய்த் தோண்டுவது வழக்கம், வேலை முடிந்ததும் அந்த வீட்டில் சாப்பாடு. பட்டாணியும் பன்றி இறைச்சியும் தட்டில். பக்கத்துவீட்டு லூசியா வாயைச் சும்மா வைக்க மாட்டாள்.

"பாவம்டி அந்தப் பறவை. சாவுற வரைக்கும் மூட்டை சுமக்கணுமா? கல்யாணம் பண்ணின நம்மளாட்டம்."

"ஒம்பாட்டுக்கு உளறாத" என்றாள் அண்ணி. "அது பருத்தி நூல்ல தச்சது. மூணு நாலு வருஷத்துல மழை, வெயில்ல நூல் மக்கிடும். பை தானா கழண்டு விழுந்துடும். அதுக்குத்தான் நோஞ்சான் நூலா பார்த்துக் குடுத்திருக்காரு உகிஸ்."

வாயிலிருந்த பட்டாணி எனக்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"என்னடா முழிக்கற?"

"அண்ணி... அது பருத்தி இல்ல."

"எது?"

"நூலு. அறுந்துது. அதான் நான்... என் நூலைப் போட்டேன்."

 அண்ணி என்னையே பார்த்தாள். அந்த நூல் எத்தனை வருஷம் தாங்கும் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பின்னிய வலைதான் அவள் தோட்டத்து வேலியில் பதினாறு வருஷமாகக் கிடக்கிறது.

"மக்காதுல்ல?" என்றாள்.

"மக்காது."

எழுந்து வெளியே போனாள். அரை மணி நேரம் கழித்து லூசியா எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கெழங்குக் குவியல் மேல உக்காந்திருக்கா. போகாத. கையில மண்வெட்டி இருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் அண்ணி என்னிடம் பேசவில்லை. உகிசுக்குப் போன் போட்டாளாம். இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பறவை திரும்பி வந்தால் பிடித்து அவிழ்க்கப் பார்க்கலாம், வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றாராம். பறக்கிற பறவையை யார் திரும்பக் கூப்பிடுவது? லூசியா வந்து இதையெல்லாம் என்னிடம் ஒப்பித்தாள். நாலு நாள் எனக்கு வலை ஓடவில்லை.

பத்தொன்பதாம் தேதி பகல் பதினோரு மணிக்கு அண்ணியே குளத்துக்கு வந்தாள். அவள் நடந்துவந்த வேகத்தைப் பார்த்து, கையிலிருந்த துடுப்பைக் கீழே வைத்தேன். போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"பல்கேரியா. காலை ஆறரையிலருந்து ஒரே எடம். தண்ணிக்கு மேல ரெண்டு மீட்டர்னு காட்டுது. உகிஸ் கம்பத்துல உக்காந்திருக்கும்னு சொல்றாரு. நீ பாரு. நீ குளத்துக்காரன்."

பார்த்தேன். படத்தில் வரிசையாகச் சதுரச் சதுரமாகக் குளங்கள். மீன் பண்ணை. புள்ளி ஒரு குளத்தின் நட்ட நடுவில். 

"குளத்து நடுவுல கம்பம் நட மாட்டாங்க அண்ணி. நட்டா மீன் அறுவடை பண்ற வலை அதுல மாட்டும்."

"அப்போ என்ன?"

"மேல வலை கட்டியிருக்காங்க. பறவை வராம இருக்க."

அண்ணி அங்கேயே நின்று உகிசுக்குப் போன் போட்டாள்.

உகிஸ் எப்படியோ அந்தப் பண்ணையின் எண்ணைக் கண்டுபிடித்தார். எனக்கு ரஷ்ய மொழி வரும், அங்கே வயசானவர்களுக்கும் வரும். "நீ போட்ட முடிச்சு, நீயே பேசு" என்றாள் அண்ணி. எடுத்தவர் பெயர் ஜெலியாஸ்கோ. கரகரத்த குரல்.

"பறவையா? இங்க நூறு பறவை. எதைக் கேக்கற தம்பி?"

"வலையில ஒண்ணு மாட்டியிருக்கும். முதுகுல சின்னப் பெட்டி."

"இரு, போய்ப் பாக்கறேன்."

கால் மணி நேரத்தில் ஒரு படம் வந்தது. வலைக்குக் கீழே பெரியவள் தலைகீழாகத் தொங்கினாள். இறக்கை இரண்டும் விரிந்து தொங்கிக் கிடந்தன, கண் மூடியிருந்தது. வலைக் கண்ணி முதுகு நாடாவில் சிக்கியிருந்தது. அந்த மொத்த எடையையும் என் தையல் தாங்கிக்கொண்டிருந்தது.

நான் திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அண்ணி அழவில்லை. படத்தைப் பார்க்கவுமில்லை. கரையில் கிடந்த என் வலையை எடுத்து ஒரு கண்ணியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டே இருந்தாள், அறுக்கப் பார்க்கிறவள்போல. ஒரு மணி நேரம் அப்படிப் போயிற்று.

போன் அடித்தது.

"செத்துப் போச்சுன்னுதான் நெனச்சேன் தம்பி" என்றார் ஜெலியாஸ்கோ. மூச்சு வாங்கியது. "படகுல போய்க் கையை வைக்கறேன், நகத்தைப் பதிச்சுட்டா! நடிச்சிருக்கா கழுதை!"

நான் அண்ணியின் கையிலிருந்த வலையை வாங்கிக் கீழே போட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஜெலியாஸ்கோ விடாமல் பேசினார்.

"கத்தியால நூலை அறுக்கப் பார்த்தேன், வழுக்குது. அப்புறம் தோள்பட்டை நாடாவை அறுத்தேன், பை மொத்தமா வந்துடுச்சு. இப்போ மீன் கூடைக்குள்ள சாக்கு மூடி வச்சிருக்கேன். இறக்கை ஒடியல. ஆமா, யாரு தச்சது? வலைக்காரன் முடிச்சுல்ல அது? நல்ல கை, தம்பி. எங்க பயலுக இப்படி ஒரு முடிச்சு போட மாட்டானுக."

 அந்த மாதிரி ஒரு பாராட்டு என் பகையாளிக்கும் கிடைக்க வேண்டாம்.

மறுநாள் காலையில் இரண்டு கெண்டையைத் தின்றுவிட்டுப் பெரியவள் கடலைப் பார்த்துப் பறந்துவிட்டாளாம். கருவி ஜெலியாஸ்கோ கையில். அதற்குப் பிறகு புள்ளி இல்லை.

"பருத்தியா இருந்தாலும் ரெண்டு மாசத்துல அறுந்திருக்காது அக்கா" என்றார் உகிஸ் போனில். "மாட்டினது நூலால இல்ல, நாடாவால."

"என்னைச் சமாதானம் பண்ணாதீங்க. அவனையும் பண்ணாதீங்க" என்று அண்ணி வைத்துவிட்டாள்.

நவம்பரில் குளத்தில் முதல் பனிக்கட்டி படிந்த அன்று அண்ணி கூப்பிட்டனுப்பினாள். ஜெலியாஸ்கோ அனுப்பிய பொட்டலம் மேஜையில் பிரித்துக் கிடந்தது. உள்ளே ஒரு பாட்டில் பழச் சாராயம், அறுந்த நாடா, என் தையல் முழுசாக. அதோடு வந்த கருவியை அவள் துடைத்து ஜன்னலோரம் வெயிலில் வைத்திருந்தாள்.

திடீரென்று அவள் போன் கூவியது. இரண்டு மாதமாகக் கூவாத சத்தம். அண்ணி பாய்ந்து எடுத்தாள்.  என்னிடம் நீட்டினாள். புதுப் புள்ளி. எங்கள் ஊர். அவள் வீடு. இந்த அடுப்படி.

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். தகட்டில் வெயில் பட்டு, கருவிக்கு உயிர் வந்திருந்தது.

அண்ணி அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். பிறகு தையலை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, தள்ளிப் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்வளவு பக்கத்துல வச்சும் எனக்கு நைலானா பருத்தியான்னு தெரியலடா."

"வெள்ளைதானே ரெண்டும்" என்றேன்.

"நீ பேசாத." சாராயத்தை இரண்டு கிளாசில் ஊற்றினாள். "இனிமே அவ வந்தா, காலு மோதிரத்துல நம்பரைப் படிச்சாத்தான் பெரியவதான்னு தெரியும். ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. திங்கக்கெழமை வண்டியை எடுத்துட்டு வா. டவுனுக்குப் போவணும்."

"எதுக்கு?"

"கண்ணாடி வாங்க."

ஒரு மடக்கில் குடித்தாள். அவள் கிளாசைக் கீழே வைத்த பிறகுதான் நான் என்னுடையதைத் தொட்டேன்.

"ஊசியில இனிமே நானே கோத்துக்கறேன்" என்றாள். "நீ கயித்தை மட்டும் பிடி."