பன்னிரண்டு முடிச்சு

1979-இல் ஆலங்காயத்தில், ஒரு வாடகைக் கட்டடத்தில் சுண்ணாம்புக்கல் ஆராய்ச்சி நடந்தது. அங்கே பெருக்குவதற்குப் புதூர்நாட்டிலிருந்து இறங்கி வந்தவள் செல்லி. தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, நிரந்தரமா, வீட்டுக்கா என்று சொல்வார். மலையில் சாமை இரண்டு வருஷமாகப் பொய்த்திருந்தது. அவளுக்கு இந்த வேலை வேண்டும்.

ஆராய்ச்சி செய்தவர் கோபால்சாமி. மூடிய குழாயில் கல்லைப் போட்டு மின் உலையில் எண்ணூறு டிகிரியில் சுடுவார். கல்லிலிருந்து கிளம்பும் வாயு, பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை மேலே தள்ளும். பாதரசம் ஓரிடத்தில் நின்றால் கல்லும் வாயுவும் சமாதானமாகிவிட்டன என்று அர்த்தம். மனிதர் அதோடு விட மாட்டார். சூட்டைக் குறைத்தால் வாயு கல்லுக்குள்ளேயே திரும்ப வேண்டும். மறுபடி ஏற்றினால் பாதரசம் பழைய இடத்துக்கே வர வேண்டும். வந்தால்தான் அந்த அளவை நம்புவார்.

வியாழக்கிழமை அவருக்குப் பல்வலி தாங்கவில்லை. வாணியம்பாடிக்குப் பிடுங்கப் போனார்.

"கடிகாரம் மணியடிக்கும்போதெல்லாம் பாரு. பாதரசம் நகர்ந்தா இந்த நூலையும் நகர்த்து" என்று காலை ஏழு மணிக்குக் கண்ணாடிக் குழாயில் பாதரசம் நின்ற இடத்தில் ஒரு நூலைக் கட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

கட்டினதை நகர்த்துவது செல்லிக்கு ஒப்பவில்லை. மலைச்சாமி வேடியப்பனுக்குக் கட்டிய நூலை அவர்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அதனால் மணிக்கொரு புது நூல் கட்டினாள். எத்தனையாவது நூலோ, அத்தனை முடிச்சு.

சாயங்காலம் கோபால்சாமி வீங்கிய கன்னத்தோடு வந்தார். குழாயில் பன்னிரண்டு நூல் இருந்தது.

"ஒண்ணுதானே சொன்னேன்? நாளைக்கு உன்னை வேலையில வச்சுக்கச் சொல்லி நான் எப்படிம்மா கேக்கிறது?"

"கட்னத அவுக்கக் கூடாதுங்க சார்" என்றாள் செல்லி.

அவர் குனிந்து முடிச்சுகளை எண்ணினார். நான்காவது உச்சியில் இருந்தது. ஒன்பதாவது நாலு விரல் கீழே கிடந்தது. பன்னிரண்டாவது நான்காவதை ஒட்டி நின்றது.

"நடுவுல என்ன ஆச்சு?"

"பதினோரு மணிக்குக் கெணத்து மோட்டாருங்கள போட்டாங்க சார். லைட்டு மங்கிச்சி. இது எறங்கிச்சி. மூணு மணிக்கு நிறுத்தினாங்க. பழைய எடத்துக்கே வந்துடுச்சி."

கோபால்சாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மோட்டார்கள் மின்சாரத்தை இழுத்ததில் உலை ஆறி, அவை நின்றதும் மறுபடி சூடேறியிருந்தது; அவருடைய மூன்று நாள் வேலையைப் பக்கத்துக் கழனிக்காரர்கள் ஒரே நாளில் முடித்திருந்தார்கள். ஒற்றை நூலாக இருந்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் அதிகாரி குழாயை வெகுநேரம் பார்த்தார். "யார் அளந்தது?"

"நான்தான் சார்" என்றார் கோபால்சாமி.

செல்லி துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆத்திரமாக வந்தது.

"எந்த மணிக்கு ரொம்ப இறங்கியது?"

கோபால்சாமி அவள் பக்கம் திரும்பினார்.

"ஒம்பதாவது முடிச்சிங்க. மூணு மணி" என்றாள் செல்லி.

அதிகாரி அதை எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. செல்லிக்கு அதைக் கோபால்சாமிதான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. வேலை என்ற இடத்தில் 'பெருக்குதல்' என்று டைப் அடித்திருந்தது. பக்கத்தில் அதிகாரி பேனாவால் 'அளவெடுத்தல்' என்று சேர்த்திருந்தார்.

"இன்னொரு தபா படிங்க சார்" என்றாள் செல்லி.

அவர் படித்தார்.